ஓரம் வெட்டிய அட்டை



விளையாட்டு வீரர் படம் போட்ட பழைய அட்டை ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. ஓரமெல்லாம் நைந்திருக்கிறது. உடனே கத்தரிக்கோலைத் தேடுவீர்கள், இல்லையா? வேண்டாம்!

அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை, பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட சின்னஞ்சிறு அட்டைகளை சிகரெட் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். அவற்றில் ஹோனஸ் வாக்னர் என்பவரின் அட்டை மிக அரிது. தன் படத்துக்காகச் சிறுவர்கள் சிகரெட் வாங்கக் கூடாது என்று அவரே தடுத்துவிட்டாராம். பணம் தராததுதான் காரணம் என்பாரும் உண்டு. எனக்கு முதல் கதைதான் பிடித்திருக்கிறது.

அந்த அட்டைகளில் ஒன்று, ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகியும் ஓரம் கோடு போட்டாற்போல் இருந்தது. 2007ல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. முன்பு அதை வைத்திருந்த வியாபாரி, ஓரத்தை வெட்டியது தான்தான் என்று 2013ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்! ஏலத்தில் செய்த மோசடிக்காகச் சிறைக்கும் போனார். மூலை தேய்ந்த இன்னொரு வாக்னர் அட்டையோ 2022ல் 72.5 லட்சம் டாலருக்குப் போனது.

கைவேலை வகுப்பில், 'ஓரத்தை நேராக வெட்டு' என்று ஆயிரம் முறை சொன்னவன் நான். பழைய அட்டைக்கு அந்தப் பாடம் ஆகாது. பசை தடவி நோட்டில் ஒட்டுவதும் கூடாது. பின்பக்க அச்சைப் பார்த்துத்தான் எந்தக் காலத்து அட்டை என்று கண்டுபிடிக்கிறார்கள். ரப்பர் பேண்டு போட்டால் ஓரத்தில் பள்ளம் விழும்; வெயில் பட்டால் நிறம் போய்விடும். எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து எடுங்கள். முறுக்கு தின்ற கையோடு வேண்டவே வேண்டாம்!