மருமகளின் தூக்கத்தில் கட்டிய அறம்

கொல்கத்தா தமிழர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கும் ஒரு கட்டுரை எனக்கும் வந்து சேர்ந்தது. வயதான பெற்றோரை ஆயாவிடமோ முதியோர் இல்லத்திடமோ விடுவது அவர்களைக் கைகழுவுவதுதான். கூலிக்கு வருபவரிடம் பாசம் இருக்காது. நம் மரபில் முதியவர்கள் பிள்ளைகளின் மடியில்தான் கண் மூடினார்கள். இவ்வளவுதான் அதன் சாரம். கொல்கத்தாவின் டாக்குரியாவில் குடியிருக்கும் ஒருவர் இதை எழுதியிருக்கிறார் என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2011 டிசம்பர் 9 அதிகாலையில் அதே டாக்குரியாவில் ஆம்ரி மருத்துவமனை தீப்பிடித்தது. வண்டிகள் நிற்க வேண்டிய அடித்தளத்தில் குவித்து வைத்திருந்த பொருள்களில் பற்றிய தீ, புகையாகக் குளிர்சாதனக் குழாய்கள் வழியே மேல்தளங்களுக்கு ஏறியது. சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகள். அன்று இரவுப் பணியில் இருந்த ரெம்யா ராஜன், பி.கே. வினிதா இருவரும் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்திலிருந்து வந்த இளம் செவிலியர்கள். எட்டு நோயாளிகளை வெளியே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, அடுத்தவரை மீட்க உள்ளே போனவர்கள் உயிரோடு திரும்பவில்லை. சம்பளத்துக்கு வந்தவர்கள்தான். அந்த நோயாளிகளில் ஒருவர்கூட அவர்களுக்கு உறவில்லை. பக்கத்துக் குடிசைப் பகுதி இளைஞர்கள் உதவிக்கு ஓடி வந்தபோது காவலாளிகள் முதலில் விரட்டினார்கள். ஆனாலும் அந்த இளைஞர்கள் விடாமல் ஏறி ஆட்களை மீட்டார்கள். கூலி வாங்கும் கையில் பரிவு இருக்காது என்று எழுத, இந்தத் தெருக்களில் நடக்கும் ஒருவருக்கு எப்படி மனம் வந்தது?

அதே மருத்துவமனையில்தானே அத்தனை பேர் செத்தார்கள் என்று அவர் கேட்கலாம். ஆம். அவர்களைக் கொன்றது செவிலியரின் பாசக்குறைவல்ல. தீப்பிடிக்கும் பொருள்களை அடித்தளத்தில் அடைத்து வைத்தவர்களும், அதைக் கண்டிக்க வேண்டிய இடத்தில் இருந்தும் விட்டுவைத்தவர்களும்தான் கொன்றார்கள்.

மரபைப் பற்றி அவர் எழுதியிருப்பது இதைவிட மோசம். விருதுநகர் வட்டாரத்தில் தலைக்கூத்தல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? படுத்துவிட்ட முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்துக் கொடுத்து, காய்ச்சல் கண்டு சாகும்படி செய்வது. செய்தவர்கள் கூலியாட்கள் அல்லர், சொந்தப் பிள்ளைகள். எல்லாக் குடும்பமும் அப்படி என்று நான் சொல்லவில்லை. வறுமையும் களைப்பும் ஓர் எல்லையைத் தாண்டினால் ரத்த பாசம் மட்டும் யாரையும் காப்பாற்றாது என்கிறேன். மரபைச் சாட்சிக்கு அழைப்பவர் அதன் முழு வாக்குமூலத்தையும் கேட்க வேண்டும்.

தன் தாயைக் கடைசிவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்ததை அவர் பெருமையோடு விவரிக்கிறார். அத்தனை பத்திகளில் அவருடைய மனைவி ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறார், காபி கொண்டுவந்து வைப்பதற்கு. மலம் துடைத்தது யார், துணி அலசியது யார், ராத்திரி எத்தனை முறை யார் எழுந்தார் என்பதெல்லாம் கட்டுரையில் இல்லை. 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். குடும்பப் பராமரிப்பு என்று அவர் புகழ்வது பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு பெண்ணின் முதுகெலும்பைத்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் லேக் மார்க்கெட் பக்கம் இருக்கிறது. பாட்டிக்கு மறதிநோய் முற்றி, அறுபது வருடம் பேசிய வங்காளம் முழுக்கப் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சியது. கேனிங் லோக்கல் ரயிலில் வந்து டாக்குரியாவில் இறங்கி, காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை பார்த்துக்கொள்ளும் ஆயாவை எல்லாரும் மாசி என்பார்கள்; அவர் 'வலிக்குதா', 'தண்ணி வேணுமா' என்று கேட்கக் கற்றுக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாட்டியைப் புரட்டிப் படுக்கவைப்பார். இடுப்பெலும்புப் பக்கம் தோல் சிவந்திருந்தால் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்; அழுத்தியும் வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த வீட்டில் பட்டதாரிகள் மூன்று பேர். இது ஒருவருக்கும் தெரியாது. மாசி வந்த பிறகுதான் மருமகள் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதை பேச ஆரம்பித்தார். அதுவரை அவருக்குத் துணி அலசவே பொழுது போதவில்லை.

ஆயாக்கள் திருடுகிறார்கள், தூங்கிவிடுகிறார்கள், சிலர் அடிக்கவும் செய்கிறார்கள் என்கிறார் கட்டுரையாளர். நடக்கிறது, மறுக்கவில்லை. ஆயா சென்டர் என்ற பெயரில் ஆளனுப்பும் இடங்கள் பலவற்றில் பயிற்சி இல்லை, கூலியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வதோடு அவர்கள் பொறுப்பு முடிந்துவிடுகிறது. வீட்டுப் பணியாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தருவதைப் பரிசீலிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில்தான் மத்திய அரசுக்குச் சொன்னது. கோபப்பட வேண்டியது இந்த அலட்சியத்தைப் பார்த்து. அவரோ 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தைப் பிள்ளைகள் மீது பிரம்பாக ஓங்குகிறார். மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும்படி இல்லங்கள் அமைப்பதைப் பற்றி அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு பேசுவதை விட்டுவிட்டார். அரசைக் கேட்க வேண்டிய கேள்வியை வேலைக்குப் போகும் மகளிடம் கேட்பது கோழைத்தனம்.

இந்தப் பேச்சுக்கு விலை உண்டு. ஊர் என்ன சொல்லும் என்று பயந்து ஆள் வைக்காமல் நாள் கடத்துகிறார்கள். புண் எலும்பைத் தொட்ட பிறகு, நாற்றம் தாங்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தப் புண்ணில் இவருடைய கட்டுரைக்கும் பங்கு இருக்கிறது.