முகத்தை மூடிக்கொள்பவர் யார்?

கடந்த மாதம் கனடாவிலிருந்து வந்திருந்த பழைய வகுப்புத் தோழர் ஒருவர், பேராதனையில் எனது வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு கேட்டார்: “என்ன ஐசே, கண்டியிலை இரவிலை போய்ப் பார்க்க ஒண்டும் இல்லையோ?” வாவிக்கரையில் மாலையில் நடக்கும் கண்டிய நடனத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் கேட்டது, உடையைக் களைந்து ஆடும் இடங்களை. ரொறன்ரோவில் அத்தகைய விடுதிகளுக்கு மாநகர சபையே அனுமதிப்பத்திரம் வழங்குகிறதாம்.

அதற்குக் கிட்டவாக வரக்கூடிய ஓரிடத்துக்கு வாழ்நாளில் ஒரேயொரு தடவை போயிருக்கிறேன். 2004இல் மும்பாய் சென்றிருந்தபோது, அவ்வூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் ‘டான்ஸ் பார்’ ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். நான் எதிர்பார்த்துப் போனது வேறு. ஆடிய பெண்களின் உடை குறைவானதன்று. சரிகை மின்னும் பாவாடையும் சேலையுந்தான். சுற்றிவர மேசைகளில் ஆண்கள், பத்து ரூபா நோட்டுக் கட்டுகளைப் பிரித்து எறிந்துகொண்டிருந்தார்கள். ஒரு பையன் குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கினான். அதில் ஒரு பங்குதான் ஆடியவளுக்கு; மிகுதி முதலாளிக்கு என்றார் நண்பர். ஆட்டத்துக்கு இடையே ஒரு பெண் சுவரோரமாக நின்று, செருப்பைக் கழற்றிக் காலை நீவிக்கொண்டிருந்தாள். அந்த இரவில் மனதில் தங்கியது அந்தக் காட்சிதான்.

மறு ஆண்டு, 2005 ஆகஸ்ட்டில், மகாராஷ்டிர அரசு இந்த நடனங்களைத் தடைசெய்தது. பெண்களின் மானத்தைக் காப்பதற்கு என்றது. ஆனால், மூன்று நட்சத்திரமும் அதற்கு மேற்பட்டதுமான ஹோட்டல்களுக்கு விலக்களித்தது. பணக்காரன் பார்த்தால் மானம் போகாது போலும்! சுமார் 75,000 பெண்கள் வேலையிழந்ததாக அக்காலத்தில் பேசப்பட்டது. 2006இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. வேலையிழந்தவர்களில் பலர் குடும்பத்தைக் காப்பாற்ற விபசாரத்துக்குத் தள்ளப்பட்டதையும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. அரசு விடவில்லை, புதிய சட்டங்களைக் கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் அவற்றின் பல நிபந்தனைகளையும் நீதிமன்றம் தள்ளியது. பதினான்கு ஆண்டுகள்! அதற்குள் ஆடியவர்களின் ஆடும் வயதே போய்விட்டது.

“இந்தியாக்காரரின்ரை இரட்டை வேடம்” என்றார் தோழர். நமது வேடம் என்ன? 1841இல் ஆங்கிலேயர் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தை, சுதந்திரத்துக்குப் பின்னரும் பல தசாப்தங்களாகத் தெருவில் நின்ற பெண்களைப் பிடிக்கப் பயன்படுத்தினோம். மதுபானம் விற்கும் இடங்களில் பெண்கள் வேலைசெய்வதை 1979இன் விதி தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதனை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த முடிவை மீளப்பெறச் செய்தார். குடிக்கும் ஆணின் ஒழுக்கம் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

இத்தகைய ஆட்டங்கள் பெருக வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் தடை என்பது ஆட்டத்தை நிறுத்துவதில்லை. ஆடுபவளை இன்னும் இருட்டான இடத்துக்கு அனுப்புகிறது. வேறு தொழிலைக் காட்டாமல் இருக்கும் தொழிலைப் பறிப்பவர்களுக்கு, அவளது மானத்தைப் பற்றிப் பேச உரிமையில்லை.

எனக்கும் அதிகம் உரிமையில்லை. ‘மசாஜ் நிலையம் முற்றுகை: அழகிகள் எழுவர் கைது’ என்பது போன்ற தலைப்புகளை எத்தனை முறை எழுதியிருப்பேன்! பெண்களின் வயது, ஊர், துணியால் முகம் மூடிய படம் எல்லாவற்றையும் போட்டோம். அங்கே வந்திருந்த ஆண்கள் எத்தனை பேர், அவர்கள் யார் என்று நிருபரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

மும்பாயில் அன்றிரவு நானும் ஒரு மேசையில்தான் இருந்தேன். பொலிஸார் வந்திருந்தால், மறுநாள் பத்திரிகையில் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருப்பவள் காலை நீவிய அந்தப் பெண். நான் அறைக்குத் திரும்பி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.