முதுகுல ஊசி... பிரஷர் டவுன்!

பாய்லர், பம்ப், பிரஷர் கேஜ்... இதெல்லாம் மெக்கானிக்கல் பசங்க சமாச்சாரம்னு நினைச்சுட்டு இருக்கீங்களா? பிரசவ ஆபரேஷன் தியேட்டர்லயும் இதே கதைதான் பாஸ்!

தமிழ்நாட்டுல நூறு பிரசவத்துல கிட்டத்தட்ட 45 சிசேரியன்னு சொல்லுது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. பெரும்பாலும் முதுகுத்தண்டுல ஒரு ஊசி. நெஞ்சுக்குக் கீழே மரத்துடும், அம்மா முழிச்சுட்டே இருப்பாங்க. (ஊசியாலதான் ஆயுசுக்கும் முதுகுவலின்னு ஊர்ல சொல்றதுக்கு ஆதாரம் இல்லை. அது தனிக்கதை!)

சிக்கல் என்னன்னா, ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிச்சிருக்கிற நரம்பையும் அந்த மருந்து தூங்க வெச்சுடும். சாயப்பட்டறையில பம்ப் அதே வேகத்துல ஓடுது, பைப் மட்டும் திடீர்னு அகலமாயிடுச்சுன்னா? பிரஷர் விழும்ல, அதேதான். போதாக்குறைக்கு, மல்லாக்கப் படுத்தா கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அமுக்கி, இதயத்துக்குத் திரும்புற ரத்தத்தையும் குறைக்கும். அம்மாவுக்கு பிரஷர் விழுந்தா, குழந்தைக்குப் போற ரத்தமும் குறையும்.

இதை எதிர்பார்த்துத்தான் மயக்க டாக்டர் ரெடியா நிற்பார். இடது பக்கம் லேசா சாய்ச்சுப் படுக்க வைக்கிறது, ஊசி போடும்போதே வேகமா சலைன் ஏத்துறது, ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் பிரஷர் பார்க்கிறது... முன்னே எஃபெட்ரின்தான் ராஜா. அது குழந்தையோட ரத்தத்துல அமிலத்தன்மையைக் கூட்டுதுன்னு தெரிஞ்சதும், விரிஞ்ச குழாயை மறுபடி இறுக்குற ஃபினைலெஃப்ரின் முந்திடுச்சு. 2018ல வந்த சர்வதேச நிபுணர் பரிந்துரையும் அதுக்கே ஓட்டு.

நம்ம ஊருக்கும் இதுல வேலை இருக்கு. கால்களை இறுக்கிச் சுத்துறது, ஒண்ணுமே செய்யாம விடுறதைவிட மேல்னு 2017 காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லுது. மருந்துக்கு மாற்று இல்லை, துணைதான். எலாஸ்டேன் நூல் போட்டு உருளையா நிட் பண்றது திருப்பூருக்குப் புதுசா என்ன? கணுக்கால்ல அழுத்தம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு, அந்தக் கணக்குதான் கஷ்டம். டெக்ஸ்டைல் மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுறீங்களா?

இன்னொண்ணு. பல சமயம் மானிட்டரை முந்திக்கிட்டு பிரஷர் இறங்குறதைச் சொல்றது அம்மாவோட வாய்தான்! 'குமட்டுது, தலை சுத்துது.' உடனே சொன்னா, உடனே மருந்து. 'ஆபரேஷன்னா இப்படித்தான் இருக்கும்போல'ன்னு பல்லைக் கடிச்சுட்டுப் படுத்திருந்தா, அந்த நிமிஷங்கள் வீண். உங்க அக்காவுக்கு டேட் கொடுத்திருந்தா இதைச் சொல்லி அனுப்புங்க.

நம்ம பனியன் கம்பெனிகள்ல ஒடிசா, பீகார் பெண்கள் எத்தனை பேர்! அவங்க 'சக்கர் ஆ ரஹா ஹை'ன்னு முனகினா, தலை சுத்துதுன்னு தியேட்டர்ல இருக்கிறவங்களுக்குப் புரியணுமே? திருப்பூர்ல 2022 ஜனவரியில திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. அங்கே படிக்கிற ஃபிரெண்ட்ஸ், உங்க ஹாஸ்டல் பீகார் ரூம்மேட்டைப் பிடிச்சு, குமட்டல், தலைசுற்றல், மூச்சுத்திணறல்... இந்த மூணுக்கும் இந்தியிலயும் ஒடியாவிலயும் என்னன்னு தமிழ்ல எழுதி ஒரு அட்டை போடுங்களேன். லேமினேஷன் செலவு என்னோடது!