இணையப் பொதியைக் கணக்கிட்டுத் தெரிவு செய்வோம்



இன்று பல வீடுகளில் இணைய இணைப்புப் பெறும் பேச்சை முதலில் ஆரம்பிப்பவர்கள் க.பொ.த. (சா/த) வகுப்புப் பிள்ளைகளே. "படிப்புக்குத் தேவை" என்று நீங்கள் கூறினால் பெற்றோர் இலகுவில் மறுப்பதில்லை. எந்தப் பொதி நல்லது என்பதையும் அவர்கள் உங்களிடமே கேட்கின்றனர். தோட்டத்திலோ கடையிலோ வெளிநாட்டிலோ அவர்கள் உழைத்த பணத்தில் மாதந்தோறும் எவ்வளவு போக வேண்டும் என்பதை இவ்வாறு நீங்களே தீர்மானிக்கிறீர்கள். ஆகவே, விளம்பரத்திலுள்ள பெரிய எண்ணைப் பார்த்தன்றி, வீட்டின் தேவையைக் கணக்கிட்டே பொதியைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது எனது உறுதியான கருத்தாகும்.

இணையம் அவசியமற்றது என்று நான் கூறவில்லை. கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர், இணைப்பு இல்லாத பிள்ளைகள் பட்ட பாட்டை நாடே அறியும். 2021 இல் போஹிட்டியாவ என்னும் மலைக் கிராமத்து மாணவர்கள் அலைவரிசை கிடைப்பதற்காகக் காட்டு வழியே 3 கிலோமீற்றருக்கு மேல் ஏறிச் சென்று பாறையொன்றின் மீதிருந்து படித்தனர். எனவே இணைப்பு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதே கேள்வி.

1. வேகம் வேறு, அளவு வேறு

தண்ணீர்க் குழாயின் பருமனைப் போன்றது வேகம். தாங்கியிலுள்ள நீரைப் போன்றது தரவின் அளவு. வேகம் ஒரு செக்கனுக்கு இத்தனை மெகாபிற்று எனவும், அளவு இத்தனை கிகாபைற்று எனவும் குறிக்கப்படும். கடைகளில் "ஜீபி" என்பது இந்தக் கிகாபைற்றையே. 8 பிற்றுகள் சேர்ந்தது 1 பைற்று என்பதைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே 100 மெகாபிற்று வேகம் என்பது செக்கனுக்கு 12.5 மெகாபைற்று மட்டுமே.

இதிலிருந்து பயனுள்ள கணக்கொன்றைப் பெறலாம். செக்கனுக்கு 1 மெகாபிற்று வேகத்தில் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து தரவு வந்தால் 3600 மெகாபிற்று ஆகும். அதனை 8 ஆல் வகுத்தால் 450 மெகாபைற்று. இந்த 450 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. படிப்புக்கு உண்மையில் எவ்வளவு தேவை?

வாரத்துக்கு 10 மணித்தியாலம் சூம் வகுப்பில் இருக்கிறீர்கள் எனவும், அவ்வகுப்பு 1 மெகாபிற்று வேகத்தில் வருகின்றது எனவும் கொள்வோம். நான்கு வாரங்களுக்கு 40 மணித்தியாலம். 40 × 450 = 18,000 மெகாபைற்று, அதாவது ஏறத்தாழ 18 கிகாபைற்று. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்களை இலவசமாகப் பெறலாம். அவற்றோடு கடந்தகால வினாத்தாள்களையும் சேர்த்து, 5 மெகாபைற்றுக் கோப்புகள் 100 ஐ இறக்கினாலும் அரைக் கிகாபைற்றுத்தான்.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். உயர்தரக் காட்சியில் ஒரு படம் பார்க்க 5 மெகாபிற்று வேகம் தேவை எனக் கொண்டால், மணித்தியாலத்துக்கு 2.25 கிகாபைற்று செலவாகும். நாளொன்றுக்கு 2 மணித்தியாலம் பார்த்தால் 30 நாளில் 135 கிகாபைற்று. இது படிப்புக்கான தரவின் ஏழரை மடங்கு. அதே படங்களை 1 மெகாபிற்றுத் தரத்துக்குக் குறைத்துப் பார்த்தால் 27 கிகாபைற்றுப் போதும். கைத்தொலைபேசியின் சிறிய திரையில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதுமில்லை.

படம் பார்ப்பது குற்றமன்று. ஆனால் படத்துக்கான செலவைப் படிப்பின் பெயரில் பெற்றோரிடம் கேட்பது நேர்மையன்று. "படிப்புக்கு இவ்வளவு, பொழுதுபோக்குக்கு இவ்வளவு" எனப் பிரித்துச் சொல்லுங்கள். முடிவை அவர்கள் எடுக்கட்டும்.

3. சிறிய எழுத்துகளையும் வாசியுங்கள்

(அ) "வரை" என்ற சொல்: "100 மெகாபிற்று வரை" என்பது உச்ச வேகம். அது எந்நேரமும் கிடைக்கும் என்பது பொருளன்று.

(ஆ) "எல்லையற்றது": நியாயமான பாவனைக் கொள்கை உண்டா எனக் கேளுங்கள். இருப்பின், குறித்த அளவைத் தாண்டியதும் வேகம் குறைக்கப்படும். எந்த அளவில், எவ்வளவுக்குக் குறையும் என்பதே முக்கியம்.

(இ) பகல், இரவுப் பிரிவு: மொத்தம் 100 கிகாபைற்று எனப் போட்டு, அதில் 60 ஐ நள்ளிரவுக்குப் பின் மட்டும் பயன்படுத்தலாம் என்றால், உங்களைப் பொறுத்தவரை அது 40 கிகாபைற்றுப் பொதியே. தரவைத் தீர்ப்பதற்காகக் கண்விழிப்பது பரீட்சைக்கு உதவாது.

(ஈ) வரி: விளம்பர விலை வரி சேர்ந்ததா என விசாரியுங்கள். 2024 சனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். 2,000 ரூபாப் பொதிக்கு இதனால் மட்டும் 360 ரூபா கூடும். வேறு அறவீடுகளும் சேரலாம்.

(உ) ஆரம்பச் செலவு: ரவுட்டர், இணைப்புக் கட்டணம், இடையில் நிறுத்தினால் செலுத்த வேண்டிய தொகை ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள்.

4. உங்கள் ஊருக்கு எது பொருந்தும்?

ஒளியிழை இணைப்பு உங்கள் வீதிக்கு வந்திருந்தால் அதுவே பெரும்பாலும் உறுதியானது. பழைய செப்புக் கம்பி இணைப்பில், தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறையும். 4ஜீ இணைப்பில் ஒரே கோபுரத்தைப் பலர் பகிர்வதால் மாலை வேளையில் வேகம் தளரும். ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை 2025 யூலையில் இலங்கையில் ஆரம்பமானது. கம்பியோ கோபுரமோ எட்டாத இடங்களுக்கு அது உதவும். எனினும் அதற்கான கருவியின் விலையைச் சாதாரண குடும்பமொன்று தாங்குமா என யோசிக்க வேண்டும். எந்த வகையாயினும், அதே சேவையைப் பாவிக்கும் அயல்வீட்டாரிடம் "இரவு 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் எப்படி?" என்று கேளுங்கள். விளம்பரத்தை விட அந்தப் பதில் நம்பத்தக்கது.

"பெரிய பொதியை எடுத்தால் கவலையில்லையே" என்று சிலர் வாதிடுவர். வீட்டிலிருந்து வேலை செய்பவரோ பல்கலைக்கழகம் செல்லும் அக்காவோ இருக்கும் வீட்டில் அவ்வாதம் பொருந்தும். ஆனால் 20 கிகாபைற்றுத் தேவைக்கு 200 கிகாபைற்று வாங்கும் வீட்டில், மிகுதியை வீணாக்கக் கூடாதென்றே ரிக்ரொக்கில் நேரம் போகும். பணமும் போய், பரீட்சைக்குரிய நேரமும் போய்விடும். சிறிய பொதியில் ஆரம்பித்து, போதாவிடின் அடுத்ததற்கு மாறுவதே புத்திசாலித்தனம்.

செய்து பாருங்கள்

ஒரு தாளில் வீட்டிலுள்ளவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொருவரும் எதற்காக, நாளுக்கு எத்தனை மணித்தியாலம் பயன்படுத்துவர் எனக் குறித்து மாதத் தொகையைக் கூட்டுங்கள். உங்கள் ஊரில் கிடைக்கும் மூன்று பொதிகளை, வரி சேர்ந்த விலையுடன் அருகே எழுதுங்கள். அந்தத் தாளை அம்மா அப்பாவிடம் கொடுத்து விளக்குங்கள். கணிதப் பாடத்தில் நீங்கள் படித்த பெருக்கலும் சதவீதமும் உங்கள் வீட்டுக்குப் பயன்படும் இடம் இதுவே.