துணிக்கு விலை உண்டு; கைக்கு?

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் முன்னோர் வாக்கு. தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார் இதற்கும் ஒருபடி மேலே சென்றவர்கள். கட்டவே முடியாத அளவுக்கு நைந்துபோன கந்தையையும் அவர்கள் வீசி எறிந்ததில்லை. நல்ல பகுதியை வெட்டியெடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு மூன்று அடுக்காக வைத்துத் தைத்துப் போர்வையாக்கினார்கள்.

அந்த ஒட்டுத்துணிப் போர்வை இன்று வேறு பெயரில், வேறு விலையில் வலம் வருகிறது. நகரங்களில் அதைக் கற்றுத்தரக் கட்டண வகுப்புகள் நடக்கின்றன. அதற்கென்றே அச்சிட்ட பருத்தித் துணி அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்து இறங்குகிறது. துணி வாங்க வழியில்லாததால் பிறந்த ஒரு கைவேலை, இன்று துணி வாங்க வழியுள்ளவர் மட்டுமே செய்யக்கூடிய பொழுதுபோக்காக மாறிவிட்டது. இந்த முரண்பாடு நம் சமுதாயத்துப் பெண்களின் வருமானத்தோடு தொடர்புடையது என்பதால்தான் இதைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

சேலையின் ஆயுள்

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லாபு, லிங்கி, பகாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் பால்மரக் காடுதான். லின்சம், கொம்போக், சுவா பெத்தோங், கெடிஸ் போன்ற தோட்டப் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அத்தகைய தோட்டமொன்றின் லயத்து வீட்டில் வளர்ந்தவன் நான். ஒரு பருத்திச் சேலையின் ஆயுள் எவ்வளவு நீளமானது என்பதை அங்கேதான் கண்டேன்.

புதிதாக இருக்கும்போது அது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கட்டும் சேலை. நிறம் மங்கியதும் வீட்டுச் சேலை. முந்தானை கிழிந்ததும் வேலைக்காட்டுக்குப் போகும்போது தலையில் கட்டும் துணி. வீட்டில் குழந்தை பிறந்தால் அது ஏணையாகும்; பல முறை துவைத்த பருத்தியைவிடப் பச்சைக் குழந்தையின் தோலுக்கு இதமானது வேறில்லை. அதற்குப் பிறகுதான் போர்வை. போர்வையும் கிழிந்தால் அடுப்படியில் கரித்துணி. இப்படிச் சேலை ஒன்று, பயன் ஆறு!

இந்தச் சிக்கனம் விரும்பி ஏற்றுக்கொண்டதன்று, கூலி கற்றுக்கொடுத்தது. மலாயாவில் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய வந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி, 1937இல் வெளிவந்த தமது அறிக்கையில் பரிந்துரைத்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. தோட்டத் தொழிலாளருக்காகப் பரிந்து பேச வந்தவரின் கணக்கிலேயே பெண்ணின் கை பத்துக் காசு மலிவு! அடுத்து வந்த ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அந்தக் கூலிக்கும் துணி கிடைக்கவில்லை. சாக்கை வெட்டி உடுத்தியவர்களும் ரப்பர்ப் பாலை உறையவைத்த தகட்டை இடுப்பில் சுற்றியவர்களும் அன்று இருந்தார்கள். அந்த நாள்களைக் கடந்து வந்த தலைமுறை ஒரு சாண் துணியைக்கூட வீணாக்காததில் வியப்பில்லை.

போர்வை தைத்தவர்கள் அதைக் கலை என்று சொன்னதில்லை. பால்வெட்டு முடிந்து, சமையல் முடிந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டிய பின்னர், மாலை வெளிச்சம் இருக்கும்வரை வாசலில் உட்கார்ந்து தைப்பார்கள். பக்கத்து வீட்டு அக்காளும் எதிர்வீட்டு அத்தையும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்வார்கள். ஊசியும் நூலும்தான் செலவு. உழைப்புக்கு யாரும் கணக்கு எழுதவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இன்று ஒரு பெண் இதைத் தொழிலாகச் செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் படுக்கும் கட்டிலுக்கு 150 சென்டிமீட்டர் அகலம், 220 சென்டிமீட்டர் நீளம் கொண்ட போர்வை. மேற்பக்கத்தைப் பத்துச் சென்டிமீட்டர் சதுரங்களாக அமைத்தால் 330 துண்டுகள் வேண்டும். தையலுக்கு விளிம்பு விட்டு ஒவ்வொரு துண்டையும் பதினொன்றரைச் சென்டிமீட்டராக வெட்ட வேண்டும். 110 சென்டிமீட்டர் அகலத் துணியில் வரிசைக்கு ஒன்பது துண்டுகள்தான் கிடைக்கும். ஆக, மேற்பக்கத்துக்கு மட்டும் நாலேகால் மீட்டர். அதில் ஏறத்தாழ 30 விழுக்காடு தையலுக்குள்ளும் ஓரத்திலும் மறைந்துபோகும். அடிப்பக்கத்துக்கு 230 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டுகள். சுற்றிலும் ஓரப்பட்டி. எப்படிச் சுருக்கினாலும் ஒன்பது மீட்டருக்குக் குறையாது. நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு தனி.

மீட்டர் 15 வெள்ளிக்குச் சாதாரணப் பருத்தி கிடைத்தால் துணிக்கு மட்டும் 135 வெள்ளி. 40 வெள்ளிக்கு இறக்குமதித் துணி வாங்கினால் 360 வெள்ளி. 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். அப்படியானால், முதல் தையல் போடுவதற்கு முன்பே மலிவுத் துணிக்கு இரண்டு நாள் சம்பளமும் உயர்ந்த துணிக்கு ஐந்தரை நாள் சம்பளமும் கையைவிட்டுப் போகும். விற்காமல் போனால் அதுவும் நட்டம்.

தோட்டத்தைவிட்டு வெளியேறி மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறிய பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துவது நம் அமைப்புகளுக்குப் பழகிப்போன ஒரு பணி. மூன்று மாதம் வகுப்பு, நிறைவு விழாவில் சான்றிதழ், சில சமயம் தையல் இயந்திரமும் அன்பளிப்பு. நான் அறிந்த ஒரு குடியிருப்பில் அப்படிக் கொடுத்த இயந்திரங்களுள் இரண்டு இன்று துணிமணி அடுக்கும் மேசைகளாக நிற்கின்றன. அந்தப் பெண்களுக்குத் தைக்கத் தெரியாமலில்லை. இயந்திரத்தைக் கொடுத்தவர்கள் அதற்குள் விட வேண்டிய துணிக்கு வழி சொல்லவில்லை. ஏர் கொடுத்தோம், விதைநெல் கொடுக்கவில்லை.

பேரம் எங்கே நடக்கிறது?

துணிச் செலவு பெரிய தடைதான். ஆனால், அதைவிடப் பெரிய தடை வேறொன்று இருக்கிறது என்பது என் கருத்து. அது வாங்குவோரின் மனத்தில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழகக் கலை விழா ஒன்றில் தோட்டப்புறப் பெண்கள் சிலர் தைத்த போர்வைகளை விற்பனைக்கு வைத்திருந்தார்கள். விலை 120 வெள்ளி. படித்த, நல்ல வேலையில் இருக்கும் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பழைய துணிதானே அம்மா, ஏன் இவ்வளவு விலை?" அந்த அம்மா உடனே 80 வெள்ளிக்கு இறங்கினார். "நமக்கென்ன தம்பி, துணி சும்மா வந்தது. உட்கார்ந்த நேரத்துக்குத் தைத்தது" என்று என்னிடம் சமாதானமும் சொன்னார்.

வாங்குபவரும் விற்பவரும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள். துணிக்கு விலை உண்டு, கைக்கு இல்லை. துணி இலவசம் என்றால் பொருளும் ஏறக்குறைய இலவசம். கடையில் வாங்கிய புதுத்துணியில் தைத்திருந்தால் அந்த நண்பர் வாய் திறந்திருக்க மாட்டார். ஏனெனில் துணிக்கடைக்காரரின் விலைச்சீட்டை அவர் மதிக்கிறார். 40 காசுக் காலத்தில் தொடங்கிய கணக்கு நம் மனத்தில் இன்னும் முடியவில்லை.

குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கணக்கில் பார்த்தால் மணிக்கு 8 வெள்ளி 72 காசு. ஒரு போர்வையை இயந்திரத்தில் தைக்க 20 மணி நேரம் ஆகிறது என்றால் கைக்கூலி மட்டும் 174 வெள்ளி. கையாலேயே தைத்து 60 மணி நேரம் ஆனால் 523 வெள்ளி. அதாவது, துணி முழுக்க முழுக்க இலவசமாகக் கிடைத்தாலும் அந்தப் போர்வையை 174 வெள்ளிக்குக் குறைத்து விற்பவர், நாட்டின் சட்டம் நிர்ணயித்த அடிமட்டக் கூலியைக்கூடப் பெறவில்லை. 80 வெள்ளிக்கு வாங்கியவர் கைவினையை ஆதரித்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். உண்மையில், ஆதரவு அந்த அம்மாவிடமிருந்து அவருக்குத்தான் போயிருக்கிறது.

பிற இடத்துப் பாடங்கள்

கந்தையைக் கலையாக்கியவர்கள் நாம் மட்டுமல்லர். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலைப் பிரித்தெடுத்துத் தைத்த 'காந்தா' உலகப் புகழ் பெற்றது. அந்தச் சொல்லும் நம் 'கந்தை'யும் உறவுக்காரச் சொற்கள்தாம். கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி'ப் போர்வை, நான்கு மூலைகளிலும் துணிப்பூ வைத்தால்தான் முழுமை பெற்றதாகக் கருதப்படும்.

நமக்கு மிக நெருக்கமான கதை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூருடையது. பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். காட்டு வேலைக்கு உடுத்திக் கிழிந்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டிப் போர்வை தைத்தவர்கள் அவர்கள். 1966இல் அவ்வட்டாரப் பெண்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 2002இல் அவர்களின் போர்வைகள் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவரிலும், பின்னர் நியூயார்க்கிலும் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. ஆனால், 2007இல் அந்தப் பெண்களுள் சிலர் தங்களுக்குச் சேரவேண்டிய பணம் சேரவில்லை என்று வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு அவ்வழக்குகள் முடிவுக்கு வந்தன. புகழ் வந்த இடத்திலும் 'கைக்கு என்ன விலை?' என்ற கேள்வி தானாகத் தீர்ந்துவிடவில்லை என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

நம்மால் என்ன செய்ய முடியும்?

'பேரங்காடியில் ஐம்பது வெள்ளிக்கே மெத்தென்ற போர்வை கிடைக்கும்போது யார் இதை வாங்குவார்?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குளிருக்குப் போர்த்திக்கொள்ள மட்டும் என்றால் தொழிற்சாலைப் பொருளோடு கையால் போட்டியிட முடியாது. போட்டியிடவும் வேண்டாம். தொழிற்சாலையால் செய்ய முடியாத ஒன்றைச் செய்ய வேண்டும்.

நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அலமாரியின் அடித்தட்டில் அம்மாவின் அல்லது பாட்டியின் பருத்திச் சேலைகள் உறங்குகின்றன. கட்டவும் மாட்டோம், எறியவும் மனம் வராது. ஒரு சேலை ஐந்தரை மீட்டர். இரண்டு சேலைகள் பதினொரு மீட்டர். முன்னர்ப் போட்ட கணக்கில் ஒரு முழுப் போர்வைக்கு வேண்டிய ஒன்பது மீட்டர் அதற்குள் அடங்கிவிடும். நைந்த இடங்களை ஒதுக்கிவிட்டாலும் மூன்று சேலைகள் தாராளம். அந்தச் சேலைகளைத் தைக்கத் தெரிந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துப் போர்வையாக்கித் தரச் சொன்னால் அவருக்குத் துணி முதலீடு இல்லை. விற்காமல் தேங்கும் என்ற பயமும் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, துணி நம்முடையது என்பதால் நாம் கொடுக்கும் பணம் முழுவதும் அவருடைய கைக்குத்தான் என்பதை நாமே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். 'பழைய துணிதானே' என்று பேரம் பேச அங்கே இடமில்லை. அந்தப் பழைய துணி நம் தாயுடையது.

தமிழ்ப் பேரவைகள் இதில் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, விழாக்களுக்கு நன்கொடை திரட்டுவதுபோல் ஆண்டுக்கு ஒருமுறை சேலை திரட்டலாம். பருத்தியை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும். நைலக்ஸ், பாலியஸ்டர் சேலைகள் வியர்வையை இழுக்காது, குழந்தைக்கு ஆகாது. நீலாய் மூன்று மொத்த வணிக வளாகம் திரைச்சீலைக்கும் துணிக்கும் பேர்போனது. அங்குள்ள கடைகளில் வெட்டி மிஞ்சும் துண்டுகளைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. இரண்டாவது, தையல் தெரிந்த பெண்களையும் போர்வை வேண்டுவோரையும் இணைத்துவைக்கலாம். கணினியும் கைப்பேசியும் கைவசமுள்ள மாணவர்களுக்கு இது கடினமன்று. மூன்றாவது, ஒவ்வொரு போர்வையோடும் ஒரு சீட்டு இணைக்கலாம். துணிக்கு எவ்வளவு, நூலுக்கும் பஞ்சுக்கும் எவ்வளவு, எத்தனை மணி நேர உழைப்பு, மணிக்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்தச் சீட்டைப் படித்த பின்னரும் பேரம் பேசுபவர் பேசட்டும். அவருக்குப் பதில் சொல்லத் தைத்தவர் தயங்க மாட்டார்.

இது பெரும் புரட்சியன்று என்பதை அறிவேன். இதனால் மட்டும் தோட்டத்தைவிட்டு வந்த குடும்பங்களின் வறுமை ஒழிந்துவிடாது. ஆனால், தன் உழைப்புக்கு ஒரு மணிக்கு இன்ன விலை என்று வாய்விட்டுச் சொல்லப் பழகும் ஒரு பெண், நாளை வேறு எந்த வேலைக்குப் போனாலும் அந்தக் கணக்கை மறக்க மாட்டார். அவருடைய மகளும் மறக்க மாட்டாள்.

நம்மில் பலர் அந்தக் கைகள் வெட்டிய பாலில் படித்தவர்கள். அவை தைத்த போர்வையில் உறங்கியவர்கள். அதற்குரிய விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, குறைக்காமல் கொடுப்பதை நம் வீட்டு அலமாரியிலிருந்தே தொடங்குவோம்.