கல்யாணச் சாவுக்கு யார் கடன் கட்டுவது?

விழுப்புரம் மாவட்டத்தில் மயிலம், விக்கிரவாண்டி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இறந்தால், ‘எப்போது எடுக்கிறீர்கள்?’ என்று சொந்தக்காரர்கள் கேட்டு முடிப்பதற்குள் செலவு தொடங்கிவிடுகிறது. ஐஸ் பெட்டி வந்து இறங்கும். தெருவை அடைத்து ஷாமியானா, வாடகை நாற்காலி, ட்யூப் லைட். ‘கண்ணீர் அஞ்சலி’ பேனருக்கு நல்ல படம் தேடி யாரோ பீரோவைக் குடைந்துகொண்டிருப்பார்கள். மேளக்காரர்களுக்கு முன்பணம், பூ ஜோடித்த தேர்ப்பாடை, வெடி, குழி வெட்டுகிறவருக்குக் கூலி, வந்தவர்களுக்கு டீ. பெற்றவரைப் பறிகொடுத்த பிள்ளைகள் இதில் எதையும் முடிவு செய்வதில்லை. பங்காளிகளும் ஊர்ப் பெரியவர்களும் முடிவு செய்கிறார்கள். ‘பேரன் பேத்தி எடுத்த உடம்பு, கல்யாணச் சாவு, குறை வைக்கக் கூடாது’ என்று ஒருவர் சொன்னால் போதும், யாரும் மறுத்துப் பேச முடியாது.

எடுத்து முடித்த பிறகு கருமாதி இருக்கிறது. பந்தி, துணிமணி, ஐயருக்குத் தட்சணை எல்லாம் போக, இந்தப் பகுதிக்கே உரிய ஒன்றும் உண்டு. கருமாதிக்கு முந்தைய இரவு விடிய விடியத் தெருக்கூத்து வைப்பார்கள், பெரும்பாலும் ‘கர்ண மோட்சம்’. அடிபட்டுக் கிடக்கிற கர்ணன் தான் சேர்த்த புண்ணியத்தையெல்லாம் தாரை வார்க்கும் கட்டத்தில், இறந்தவரின் பெண்கள் தங்கள் அப்பாவை நினைத்து வாய்விட்டு அழுவார்கள். துக்கத்தை இறக்கி வைக்க இதைவிட நல்ல வழி எந்த ஊரிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கூத்து ஜமாக்களுக்கும் இது வாழ்வாதாரம். ஆகவே கூத்தை நிறுத்துங்கள், மேளத்தை நிறுத்துங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

பெரும்பாலும் கடனாக வருகிறது. மருமகளின் கம்மல் அடகுக்கடைக்குப் போகிறது. இல்லாவிட்டால் மகளிர் குழுக் கடனில் ஒரு தவணை சாவு வீட்டுக்குத் திரும்புகிறது. அதுவும் இல்லாதவர்கள் மீட்டர் வட்டிக்காரரிடம் போகிறார்கள். சம்பந்தி வீட்டார் போடும் கோடியும், உருமால் கட்டும்போது வைக்கிற பணமும் கொஞ்சம் தாங்கும். ஆனால் அவையும் நோட்டில் ஏறி, நாளை அவர்கள் வீட்டுச் சாவில் திருப்பிச் செய்ய வேண்டியவை. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. வசூலில் நடக்கும் கொடுமையை அது தடுக்கலாம். கடன் வாங்கும் தேவையை அது குறைக்காது.

அரசு உதவியே இல்லையா என்றால், இருக்கிறது. அதன் வயது வரம்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். தேசியக் குடும்ப நல உதவித் திட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு 20,000 ரூபாய் கிடைக்கும். இறந்தவர் குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட்டவராக, 18 முதல் 59 வயதுக்குள் இருந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டினால் 2 லட்சம் தரும் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர வேண்டும். 55 வயதோடு பாதுகாப்பு முடிந்துவிடும். ஆண்டுக்கு 20 ரூபாய் சுரக்‌ஷா காப்பீடு 70 வரை போகும், ஆனால் விபத்தில் செத்தால்தான் பணம். உழவர் பாதுகாப்புத் திட்டத்தின் உறுப்பினர் வயது 18 முதல் 65. நிலமற்ற வேளாண் தொழிலாளர்களுக்கான ஈமச்சடங்கு உதவியை 2,500இலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்துவதாக 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கை சொன்னது. நல்ல அறிவிப்பு, மனமாரப் பாராட்டலாம்.

ஆனால் மொத்தமாகப் பாருங்கள். மனிதர் எந்த வயதில் சாவது இயல்போ, அந்த வயது வந்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. அகாலச் சாவுக்குத்தான் திட்டங்கள். ஊரோ, வயதான சாவைத்தான் விமரிசையாக எடுக்கச் சொல்கிறது. செலவு உச்சத்தில் இருக்கும் சாவுக்கு உதவி அடிமட்டத்தில் இருக்கிறது. முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,200 ரூபாய் ஆனது. அதில் மாத்திரை வாங்கி, வெற்றிலை பாக்கு வாங்கி, பேரனுக்கு ஒரு பத்து ரூபாய் கொடுத்த பிறகும் சேலை மடிப்பில் நூறும் இருநூறுமாகச் சேர்த்து, ‘என் சாவுக்கு எவன் கையையும் எதிர்பார்க்கக் கூடாது’ என்று சொல்கிற கிழவிகள் இந்த மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவர் உண்டு. அந்தப் பணம் ஐஸ் பெட்டி வாடகைக்கே பற்றாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இதற்கு வழி நம் கண் முன்னாலேயே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் ஓய்வூதியர்களுக்குக் குடும்பப் பாதுகாப்பு நிதித் திட்டம் என்று ஒன்று உண்டு. மாதா மாதம் ஓய்வூதியத்திலிருந்து ஒரு சிறு தொகை பிடிக்கப்படும். அவர் 62இல் இறந்தாலும் 92இல் இறந்தாலும் குடும்பத்துக்கு 50,000 ரூபாய். வயதைக் காரணம் காட்டி யாரையும் வெளியே தள்ளுவதில்லை. வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு இது முடிகிறது என்றால், அவர் வீட்டு எதிரில் நாற்று நட்டே கூன் விழுந்த மூதாட்டிக்கு ஏன் முடியாது? முதியோர் ஓய்வூதியம் வாங்குகிற ஒவ்வொருவரையும் இப்படி ஒரு நிதியில் சேர்த்து, அவர் பங்கில் பெரும்பகுதியை அரசே கட்டலாம்.

அரசு வரும்வரை ஊர் காத்திருக்கத் தேவையில்லை. 500 குடும்பங்கள் உள்ள ஓர் ஊராட்சி என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு மாதம் 50 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். ஆண்டில் 15 சாவு விழுந்தாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் 20,000 ரூபாய், சாவு நடந்த அன்றே, கையில். கூட்டுச் சேமிப்பு இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் வந்து சேர்ந்த மாவட்டங்களில் பழைய தென்னார்க்காடும் ஒன்று. விழுப்புரம் அப்போது அதற்குள்தான் இருந்தது. நோட்டு எழுதவும், வங்கிக்குப் போகவும், கணக்குக் கேட்கவும் தெரிந்த பெண்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பெயரில் ஓர் ஐஸ் பெட்டி, ஒரு ஷாமியானா, நூறு நாற்காலி வாங்கிப் போட்டாலே பாதி வாடகை மிச்சம். எத்தியோப்பியாவில் ‘இத்திர்’ என்ற பெயரில் தெருத்தோறும் சாவுச் சங்கங்கள் இருக்கின்றன. மாதச் சந்தா, சாவு விழுந்தால் கையில் பணம், பந்தலும் பாத்திரமும் சங்கத்துடையவை. ஏழை நாடு, பல தலைமுறைகளாக நடத்துகிறது.

தனியார் திட்டங்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பிரிட்டனில் முன்கூட்டியே பணம் கட்டும் இறுதிச்சடங்குத் திட்டங்கள் வெகுவாகப் பரவின. 2022 மார்ச்சில் ‘சேஃப் ஹேண்ட்ஸ்’ என்ற நிறுவனம் திவாலாகி, சுமார் 46,000 பேர் கட்டிய பணம் ஆபத்தில் சிக்கியது. அதே ஆண்டு ஜூலையில்தான் அந்தத் தொழில் அங்கே நிதிக் கண்காணிப்பு ஆணையத்தின் பிடிக்குள் வந்தது. சீட்டு நிறுவனங்களிடம் பட்ட காயம் நமக்கு இன்னும் ஆறவில்லை. பணம் ஊர்ப் பெண்களின் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும்.

நிதி இருந்தாலும், சாவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்ற கூச்சம் போகாவிட்டால் பயன் குறைவு. ‘நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?’ என்று பிள்ளைகள் அடக்கிவிடுகிறார்கள். நம் மரபு அப்படி அடக்கச் சொல்லவில்லை. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் பெயர் பாறையில் வெட்டப்பட்டிருக்கிறது. சுமார் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை. தன் முடிவைத் தானே வகுத்துக்கொண்டவரை இந்த ஊர் அமங்கலமாக நினைக்கவில்லை, கல்லில் எழுதி மதித்தது. வடலூர் வள்ளலார் இறந்தவர்களுக்காகக் கதறி அழ வேண்டாம், கருமாதியும் திதியும் வேண்டாம், எரிக்காமல் அடக்கம் செய்யுங்கள் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே வெளிப்படையாகச் சொன்னார். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில் பிறந்து சென்னை மாகாண முதல்வரான ராமசாமி ரெட்டியார் அந்த வழியில் பற்று வைத்தவர்.

ஆகவே பெரியவர்களே முதலில் பேச வேண்டும். மேளம் வேண்டும், வெடி வேண்டாம். கூத்து வேண்டும், பேனர் வேண்டாம். கடன் வாங்கிப் பந்தி போடாதே. இப்படி நாலு பேர் முன்னால் சொல்லி வைத்துவிட்டால், பிறகு எந்தப் பங்காளியும் ‘அப்பனுக்குக் குறை வைத்தான்’ என்று பிள்ளையைப் பேச முடியாது. உடல்தானம் செய்ய விரும்புகிறவர் உயிரோடு இருக்கும்போதே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் எழுதிக் கொடுக்கலாம்; வீட்டாருக்கும் சொல்லி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காகிதம் பெட்டியிலேயே கிடக்கும்.

கூடவே சில்லறை வேலைகள். வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் இருக்கிறதா, ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கணக்கிலிருந்து ஆண்டுதோறும் 436 ரூபாய் போய்க்கொண்டிருந்தால் அது எதற்கு என்று மனைவியிடம் சொல்லி வையுங்கள். சொல்லாமல் போனால் 2 லட்சம் கேட்பாரற்றுப் போகும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை வீட்டுக்குக் கொண்டுவர 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும். சவக்கிடங்கு வாசலில் தனியார் வண்டியிடம் பேரம் பேசத் தேவையில்லை.

மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை. வானூரிலோ மேல்மலையனூரிலோ பத்து ஊராட்சிகளைத் தேர்ந்தெடுங்கள். மகளிர் கூட்டமைப்புகளிடம் ஒரு தொடக்க நிதியைக் கொடுத்து, ஓராண்டு இந்தச் சாவு நிதியை நடத்திப் பாருங்கள். கணக்கை ஊர்ச் சாவடியில் ஒட்டுங்கள். சரிவந்தால் சென்னைக்கு எழுதுங்கள்; முதியோர் ஓய்வூதியத்தோடு இதையும் சேர்க்கச் சொல்லி.