வயதைப் பார்த்தா தேடுவது?

2017 செப்டம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், கடற்படைத் தளம் ஒன்றுக்கு வேலைக்குப் போன 19 வயதுப் பெண் அஷாந்தி பில்லி கடத்தப்பட்டார். சில நாள்கள் கழித்து வட கரோலினாவின் சார்லட் நகரில் அவருடைய உடல்தான் கிடைத்தது. இடைப்பட்ட நாள்களில் அவருக்காகப் பொது எச்சரிக்கை எதுவும் விடப்படவில்லை. குழந்தைகளுக்கான ‘ஆம்பர்’ எச்சரிக்கைக்கு 17 வயதுதான் எல்லை, அவர் அதைத் தாண்டியிருந்தார். முதியோருக்கான எச்சரிக்கைக்கோ அவர் இன்னும் பல பத்தாண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். தொலைந்த பெண்ணின் ஆபத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனாலும் அவருக்கென்று சட்டத்தில் இடம் இல்லை.

அடுத்த ஆண்டே வர்ஜீனியா ஒரு சட்டம் இயற்றியது. 2018 டிசம்பர் 31 அன்று அவர் பெயரிலேயே நாடு தழுவிய சட்டமும் கையெழுத்தானது. 18 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் காணாமல் போனால் மாநிலங்கள் ஒன்றுக்கொன்று தகவல் கொடுத்துத் தேட வழி செய்யும் சட்டம் அது. அஷாந்தியின் பெற்றோர் தங்கள் துயரத்தைச் சுமந்துகொண்டே போராடிப் பெற்ற சட்டம் என்பதால் அதை மதிக்கிறோம். ஆனால் 17-க்கும் 65-க்கும் நடுவில் இப்படியொரு பள்ளம் இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ள ஓர் உயிர் போக வேண்டியிருந்ததே, அது ஏன் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இந்தச் சட்டங்களின் வரலாறு முழுக்க இப்படித்தான். 1996-இல் டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டனில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த 9 வயதுச் சிறுமி ஆம்பர் கடத்திக் கொல்லப்பட்ட பிறகுதான் ஆம்பர் எச்சரிக்கை பிறந்தது. 2004-இல் அட்லாண்டாவில் அல்சைமர் நோயுள்ள மூதாட்டி ஒருவர் காணாமல் போனார். மாதங்கள் கழித்து, வீட்டுக்கு அதிக தூரமில்லாத இடத்திலேயே அவருடைய உடல் கிடைத்தது. 2006-இல் ஜார்ஜியா அவர் பெயரில் சட்டம் கொண்டுவந்தது. 2008-இல் ஃப்ளோரிடாவில் மறதி நோயுள்ள 86 வயது மூதாட்டி காரோடு நீர்வழியில் விழுந்து இறந்தார். அந்த அக்டோபரில் ஆளுநர் சார்லி கிறிஸ்ட் முதியோருக்கான ‘சில்வர்’ எச்சரிக்கைக்கு ஆணையிட்டார். ஒவ்வொரு சட்டமும் அதற்கு முன் நடந்த சாவின் அளவுக்கு மட்டுமே அகலமாக இருந்தது. அடுத்தவர் வேறு வயதில், வேறு நோயோடு, வேறு விதமாகத் தொலைந்தபோது சட்டம் மறுபடியும் கைவிரித்தது.

நம் நிலைப்பாடு இதுதான்: எச்சரிக்கை விடுவதா வேண்டாமா என்பதைத் தொலைந்தவரின் வயதோ நோயின் பெயரோ முடிவு செய்யக் கூடாது. அவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளக் கூடியவரா, இப்போது ஆபத்தில் இருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளே போதும்.

டெக்சஸின் சில்வர் எச்சரிக்கையையே பாருங்கள். 2007-இல் வந்த முன்னோடிச் சட்டங்களில் ஒன்று அது. காணாமல் போனவர் 65 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். மாநிலத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். அறிவாற்றல் குறைபாடு இருப்பதாக மருத்துவர் கண்டறிந்திருக்க வேண்டும், அதற்கான ஆவணத்தைக் குடும்பத்தார் காட்ட வேண்டும். காணாமல் போன 72 மணி நேரத்துக்குள் கோரிக்கை போயாக வேண்டும். அல்சைமர் நோயாளிகளுக்கு வயது வரம்பு பிறகு தளர்த்தப்பட்டது. காகிதத்தில் படிக்கும்போது எல்லாம் நியாயமாகவே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் இதை வைத்துப் பாருங்கள். அப்பாவைக் காணவில்லை, வாசல் கதவு திறந்து கிடக்கிறது, காவலர் வந்து நிற்கிறார். கடந்த ஓராண்டாக அப்பா பேரப்பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்கிறார், சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்கிறார் என்பதெல்லாம் மகளுக்குத் தெரியும். ஆனால் டாக்டரிடம் அழைத்துப் போய்க் கடிதம் வாங்கி வைக்கவில்லை. மறதி நோயின் தொடக்கத்தில் எத்தனை குடும்பங்கள் கடிதம் வாங்கி வைத்திருக்கும்? நோய் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவே குடும்பங்களுக்குக் காலம் பிடிக்கிறது. அதிகமாகத் தொலைகிற கட்டமும் அநேகமாக அதுதான். இன்னும் தனியாக நடமாட விட்டிருப்பார்கள், கார்ச் சாவி இன்னும் அவர் கையிலேயே இருக்கும்.

65 வயதுக்குக் கீழே வந்தால் டெக்சஸில் கதை வேறு. 18 முதல் 64 வரை உள்ளவர்களுக்கு 2019-இல் ‘கிளியர்’ என்ற எச்சரிக்கை வந்தது. அதே ஆண்டில் மனநலப் பாதிப்புள்ள படைவீரர்களுக்கு ‘கேமோ’ எச்சரிக்கை வந்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சில்வர் போக, பூர்வகுடியினருக்கு 2023 முதல் ‘ஃபெதர்’, 12 முதல் 25 வயது வரையுள்ள கறுப்பின இளையோருக்கு 2024 முதல் ‘எபனி’. ஃப்ளோரிடாவில் 2022 ஜூலை முதல் ‘பர்ப்பிள்’. மறதி நோய் அல்லாத அறிவுசார் குறைபாடோ மூளைக் காயமோ உள்ள பெரியவர்களுக்கானது அது. ஃபெதருக்கும் எபனிக்கும் பின்னால் இருக்கும் கோபத்தில் முழு நியாயம் உண்டு. அந்தச் சமூகங்களின் பெண்கள் காணாமல் போனபோது காவல்துறையும் ஊடகமும் காட்டிய அலட்சியம் அவ்வளவு ஆழமானது. ஆனால் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட துணியில் தையல் பிரியும் இடங்கள்தான் கூடும். இரவுப் பணியிலிருக்கும் ஒரு சிற்றூர்க் காவலர் எந்த எச்சரிக்கை எவருக்கு, எந்தப் படிவம், எந்த அலுவலகம் என்று பிரித்துப் பார்த்து முடிப்பதற்குள் தொலைந்தவர் எங்கே போயிருப்பார்?

இன்னொரு பிரிவினை நமக்கு இதைவிடக் கவலை தருகிறது. ஃப்ளோரிடாவில் மாநில அளவில் சில்வர் எச்சரிக்கை விட, காணாமல் போனவர் வண்டியில் போயிருக்க வேண்டும், வண்டி எண் தெரிந்திருக்க வேண்டும். கால்நடையாகப் போனவருக்கு உள்ளூர் எச்சரிக்கை மட்டுமே. நெடுஞ்சாலை மின்பலகையில் வண்டி எண்ணைத்தானே போட முடியும் என்பது அதற்கான விளக்கம். பலகைக்கு அது சரி. ஆனால் எச்சரிக்கை என்றாலே நெடுஞ்சாலைப் பலகை என்ற நினைப்புதான் இங்கே கோளாறு. நடந்து போனவரைத் தேட நானூறு மைல் தள்ளி வண்டி ஓட்டுபவரின் கண் தேவையில்லை. அந்தத் தெருவில், அடுத்த தெருவில் இருப்பவர்கள் தங்கள் கொல்லைப்புறத்தையும் கார் நிறுத்தும் கொட்டகையையும் எட்டிப் பார்த்தால் போதும்.

தேடுதல் பணியில் அனுபவமுள்ளவர்கள் சொல்வதைக் கேட்டால் இது விளங்கும். மறதி நோயுள்ளவர் வழி தவறினால் நின்று யோசிப்பதில்லை, திரும்பி வருவதுமில்லை. எதிரே போக முடிகிற வரை போய்க்கொண்டே இருப்பார். முட்புதர், வாய்க்கால், வேலி என்று ஏதாவது ஓரிடத்தில் சிக்கி நின்றுவிடுவார். அந்த இடம் பெரும்பாலும் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் குரல் கொடுக்க மாட்டார். தேடி வருபவர்களைப் பார்த்துப் பயந்து ஒளிந்துகொள்வதும் உண்டு. தேடும் கூட்டம் அவரைப் பத்தடி தூரத்தில் கடந்து போய்விடும். மறதி நோயுள்ளவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஒரு முறையாவது இப்படி வழி தவறிப் போகிறார்கள் என்கிறது அமெரிக்காவின் அல்சைமர் சங்கம். முதல் 24 மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால் உயிர் ஆபத்து பல மடங்காகிறது. மாத்திரை தவறும், தண்ணீர் இருக்காது, வெயிலோ பனியோ தாக்கும். இந்த நிலையில் முதல் ஆறு மணி நேரத்தைச் சான்றிதழுக்கும் வகைப்பிரிப்புக்கும் செலவழிக்கும் சட்டம், யாருக்காக இயற்றப்பட்டதோ அவர்களுக்கே உதவாமல் போகிறது.

மாற்று வழி அங்கேயே இருக்கிறது. நியூயார்க் மாநிலம் 2011 முதல் ‘காணாமல் போன, எளிதில் ஆபத்துக்குள்ளாகும் பெரியவர்கள்’ என்ற ஒரே வகையை வைத்திருக்கிறது. 18 வயது நிரம்பியவர், அறிவாற்றல், மனநலம் அல்லது மூளை தொடர்பான பாதிப்பு உள்ளவர், அவர் காணாமல் போனது நம்பத்தக்க ஆபத்தைக் காட்டுகிறது என்றால் போதும். முப்பது வயதில் ஆட்டிசம் உள்ளவருக்கும் எண்பது வயதில் மறதி நோயுள்ளவருக்கும் ஒரே கதவு. 2024-இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையமும், ஆம்பர் வரம்புக்குள் வராத எந்த வயதினருக்கும் பொருந்தும்படி ஆபத்திலுள்ள காணாமல் போனோருக்கென்று ஒரே எச்சரிக்கைக் குறியீட்டை ஏற்றுக்கொண்டது. மாநிலச் சட்டமன்றங்கள் இந்த வழியில் போக வேண்டும். புதிய நிறம் ஒன்றைக் கண்டுபிடிப்பது இனி தேவையில்லை.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. வரம்பைத் தளர்த்தினால் எச்சரிக்கைகள் குவியும், மக்கள் கவனிப்பதை விட்டுவிடுவார்கள் என்பது முதலாவது. கவலை உண்மையானது. ஆனால் அதற்குத் தீர்வு ஆளைக் குறைப்பதில் இல்லை, பரப்பைக் குறைப்பதில் இருக்கிறது. நடந்து போனவருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வட்டத்தில் இருக்கும் கைப்பேசிகளுக்கு மட்டும் செய்தி போகட்டும். காரில் போனவருக்கு மட்டும் நெடுஞ்சாலை விழித்துக்கொள்ளட்டும். 

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. குழந்தை வேறு, பெரியவர் வேறு. வீட்டை விட்டுப் போகும் உரிமை பெரியவருக்கு உண்டு. அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி ஓடிய மனைவியைக் கண்டுபிடிக்க, அவளுக்கு மனநலம் சரியில்லை என்று புகார் கொடுத்து அரசையே தேட வைக்கும் ஆண்கள் இருக்கிறார்கள். மகனின் கொடுமை தாங்காமல் வெளியேறிய தாயைப் பற்றியும் அப்படிச் சொல்லலாம். ஆகவே எச்சரிக்கை விடுமுன் காவலர் வீட்டுச் சூழலை விசாரிக்க வேண்டும். கண்டுபிடித்த பின் தொலைந்தவரிடம் தனியே பேச வேண்டும். தம்மைக் காத்துக்கொள்ளக் கூடியவர் வீடு திரும்ப மறுத்தால், ‘நலமாக இருக்கிறார்’ என்பதைத் தவிர வேறெதையும் புகார் கொடுத்தவரிடம் சொல்லக் கூடாது. இவற்றைச் சட்டத்திலேயே எழுத வேண்டும், அதிகாரியின் நல்ல மனதுக்கு விட்டுவிடக் கூடாது.

அமெரிக்காவின் அனுபவத்தை நாம் இவ்வளவு விரிவாகப் பேசுவதற்குக் காரணம், தமிழ்நாட்டில் இந்தப் பக்கம் இன்னும் வெறுமையாகவே இருப்பதுதான். கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் மிகுந்த பெரிய மாநிலம் இது. நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை உடனே வழக்காகப் பதிய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரியவர் காணாமல் போனால், “சொந்தக்காரங்க வீட்டுல எல்லாம் விசாரிச்சீங்களா? ரெண்டு நாள் பாத்துட்டு வாங்க” என்பதே பல குடும்பங்கள் காவல் நிலையத்தில் கேட்கிற பதில். சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள், போட்டோவை வாட்ஸ்அப் குழுக்களில் போடுகிறார்கள், மின்கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். அந்த வாட்ஸ்அப் செய்தி, ஆள் கிடைத்து வருடங்கள் ஆன பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே இருக்கும் எண்ணுக்கு அழைப்புகளும் வந்துகொண்டே இருக்கும். அதிகாரபூர்வமான ஓர் எச்சரிக்கை இருந்தால், ஆள் கிடைத்ததும் அதைத் திரும்பப் பெறவும் ஒருவர் இருப்பார்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 100-ஆவது பிரிவில் காவல்துறைக்கு ஒரு கடமையைத் தந்திருக்கிறது. தம்மைப் பார்த்துக்கொள்ள முடியாத மனநோயாளி தெருவில் திரிவதைக் கண்டால் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். லாக்கப்பில் அடைக்கக் கூடாது. ஆதரவற்றுத் திரிபவராக இருந்தால் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் கண்ணில் பட்டவருக்குத்தான் அது உதவும். வீட்டில் தேடிக்கொண்டிருப்பவர்களையும் தெருவில் திரிபவரையும் இணைக்கும் பாலம் அதில் இல்லை. சென்னையில் 1993-இல் தொடங்கிய பான்யன் போன்ற அமைப்புகள் தெருவில் கிடந்த பெண்களை மீட்டு, குணப்படுத்தி, குடும்பத்தோடு சேர்க்கும் வேலையைச் செய்துவருகின்றன. தொலைந்த முதல் இரவிலேயே தேட ஆள் இருந்திருந்தால் அந்தப் பெண்களில் பலர் அவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார்கள்.

கருவியும் நம்மிடம் இருக்கிறது. 2023-இல் தமிழ்நாட்டில் நம் எல்லார் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். பேரிடர்க் காலத்துக்கென்று நடத்திய சோதனை அது. குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லைக்குள் இருக்கும் கைப்பேசிகளுக்கு மட்டும் செய்தி அனுப்ப அந்த முறையில் முடியும். புயலுக்குப் பயன்படுவதை ஒரு தெருவின் தாத்தாவுக்கும் பயன்படுத்த மத்திய அரசோடு பேசி வழி காணலாம். எல்லா நேரமும் அலற வேண்டியதில்லை, ஓசையில்லாத செய்தியாகவும் வரலாம். காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் மற்ற விதிகளை எழுத டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. 

சட்டமன்றம் இயற்ற வேண்டிய சட்டம் நீளமானதாக இருக்கத் தேவையில்லை. தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெரியவர் காணாமல் போனதாகக் குடும்பத்தாரோ, காப்பகமோ, அக்கம்பக்கத்தாரோ சொன்னால் அந்த நேரமே பதிய வேண்டும். மருத்துவச் சான்று இருந்தால் நல்லது, இல்லாததைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டைச் சுற்றிய பகுதி, பேருந்து நிலையம், ரயில் நிலையம், அரசு மருத்துவமனை ஆகியவற்றுக்குத் தகவல் போக வேண்டும். 100-ஆவது பிரிவின்கீழ் மீட்கப்படும் ஒவ்வொருவரின் விவரமும் காணாமல் போனோர் பட்டியலோடு அன்றைக்கே ஒப்பிடப்பட வேண்டும், மொழி தெரியாத வெளிமாநிலத்தவர் உட்பட. எச்சரிக்கை தேவையில்லை என்று ஆய்வாளர் முடிவு செய்தால், அதற்கான காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுப் புகார்தாரரிடம் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அன்றிரவே மாவட்டக் கண்காணிப்பாளரிடம் முறையிடும் உரிமை குடும்பத்துக்கு இருக்க வேண்டும்.